சிரங்கு ஆறிய பிறகு வந்த நோய்

நான் ஒரு மருத்துவமனையின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகளாகத் திசு நுட்பனராக வேலை பார்க்கிறேன். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் இரண்டு மூன்று மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றி, மருத்துவரின் நுண்ணோக்கிக்கு அனுப்பி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி என்று முடிவு எழுதப்பட்ட கண்ணாடித் தகடுகள் பல என் கையால் ஆனவை. அப்படியிருந்தும், என் மகனுக்கு ஒன்பதாவது வயதில் அதே நோய் வந்தபோது நான்கு நாள்கள் வரை எனக்கு உறைக்கவில்லை. தகட்டில் பார்த்துப் பழகியவன் முகத்தில் பார்த்துப் பழகவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

தொடக்கம் தீபாவளி விடுமுறையில் இருந்தது. என் அக்கா வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே பாயில் ஒரே போர்வைக்குள் படுத்து எழுந்தார்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் மகனுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரிப்பு கண்டது. இரவில் சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்து, அதில் சீழ் வைத்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. என் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். ஒரு களிம்பு வாங்கி நானும் தடவினேன். கார்த்திகை தீபம் முடிந்த பிறகு புண்கள் ஆறிக் கருந்தழும்புகள் மட்டும் மிஞ்சின. நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

சீழ் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஐந்தாவது வாரம், மார்கழிக் குளிரில், காலையில் எழுந்தவனின் கண்ணிமைகள் தடித்திருந்தன. பனியில் படுத்ததால் நீர் கோத்திருக்கிறது என்றார் அம்மா. மாலைக்குள் வீக்கம் வடிந்துவிட்டது, மறுநாள் காலையில் மீண்டும் வந்தது. அருகிலிருந்த ஒரு சிகிச்சையகத்தில் ஒவ்வாமை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்காம் நாள் அவனே வந்து, “அப்பா, ஒன்னுக்கு கட்டங்காப்பி மாதிரி வருது” என்றான். அப்போதுதான் எனக்குள் இருந்த ஆய்வகக்காரன் விழித்தான். சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல் புகை படிந்தாற்போன்ற பழுப்பு. நீர்ப்பைக்குக் கீழே உள்ள காயத்திலிருந்து வரும் இரத்தம் பெரும்பாலும் சிவந்தே இருக்கும்; சிறுநீரகத்தின் உள்ளே கசிந்த இரத்தம், சிறுநீரின் அமிலத்தில் ஊறிக்கொண்டு நுண்குழாய்களின் வழியே நெடுந்தூரம் வருவதால், ஹீமோகுளோபின் மாறிப் பழுப்பாகிவிடுகிறது. இதை மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை குழந்தைகள் பிரிவில் சேர்த்தோம். இரத்த அழுத்தம் 150/100. அந்த வயதுக்கு 115/75க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். 24 கிலோ இருந்தவன் 26 கிலோ காட்டினான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.4க்கு ஏறியிருந்தது. சிறுநீர்ப் படிவை நுண்ணோக்கியில் பார்த்தபோது உருக்குலைந்த சிவப்பணுக்களும், சிவப்பணுக்கள் ஒட்டி உருளையாக வார்க்கப்பட்ட வார்ப்புகளும் தெரிந்தன. அந்த வார்ப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், இரத்தம் வந்த இடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரான்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வேறெங்கும் அந்த அச்சு கிடையாது.

இரவுப் பணியிலிருந்த மருத்துவர் முதலில் கேட்டது தொண்டை வலியைப் பற்றி. இல்லை என்றோம். இரண்டாவதாகக் கையை நீட்டச் சொல்லி விரலிடுக்கிலிருந்த தழும்புகளைப் பார்த்தார். தொண்டைத் தொற்றுக்குப் பின் இந்த நோய் ஏறக்குறைய பத்து நாள்களில் வருமென்றும், தோல் புண்ணுக்குப் பின் மூன்று முதல் ஆறு வாரங்கள் எடுத்துக்கொள்ளுமென்றும், அதனால்தான் எந்தத் தாயும் தகப்பனும் சிரங்கையும் சிறுநீரையும் சேர்த்து நினைப்பதில்லை என்றும் அவர் விளக்கினார். தொண்டை வலித்துக்கொண்டிருக்கும்போதே, ஓரிரு நாளில், சிறுநீர் சிவந்தால் அது வேறு நோயாக இருக்கக்கூடும். ஐஜிஏ என்ற எதிர்பொருள் சிறுநீரகத்தில் படிவதால் உண்டாகும் ஐஜிஏ நெஃப்ரோபதி அப்படித்தான் வரும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது “புண் எப்போது வந்தது, சிறுநீர் எப்போது மாறியது” என்ற இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டு போவது, பல பரிசோதனைகளுக்கு ஈடான செய்தியாக இருக்கும்.

இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன். கிருமி சிறுநீரகத்துக்குள் போவதில்லை. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸில் சில வகைகள் மட்டும் இந்தச் சிக்கலை உண்டாக்குகின்றன. கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தைக் கொண்டு எண்ணிட்ட அவ்வகைகளில், தோலில் எம் 49, தொண்டையில் எம் 12 ஆகியவை பெயர் பெற்றவை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ரெட் லேக் பழங்குடிப் பகுதியில் 1953லும் மீண்டும் 1966லும் குழந்தைகளிடையே இந்நோய் கொள்ளையாகப் பரவியபோது அடையாளம் காணப்பட்டது எம் 49தான். இத்தகைய கிருமி வெளியிடும் புரதங்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் தந்துகி முடிச்சுகளான குளோமருலஸ்களின் சுவரில் போய்ப் படிகின்றன. உடல் அவற்றுக்கெதிராக எதிர்பொருள் உண்டாக்க நாள் பிடிக்கிறது. அந்த நாள்தான் இடைவெளி. எதிர்பொருளும் புரதமும் சுவரிலேயே பிணைந்ததும், காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதக் கூட்டம் தூண்டப்படுகிறது; அதில் சி3 செலவழிந்து குறைகிறது; அதன் அழைப்பில் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. புண்ணை ஆற்ற வந்த படையே முடிச்சை வீங்கச் செய்துவிடுகிறது.

மறுநாள் இரத்த முடிவுகள் வந்தன. சி3 18; இருக்க வேண்டியது 90க்கு மேல். அதே புரதக் கூட்டத்தைச் சேர்ந்த சி4 இயல்பு. ஏஎஸ்ஓ, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளியிடும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிரான எதிர்பொருள், 180; அதுவும் இயல்பு. ஏஎஸ்ஓ இயல்பாக இருந்ததைப் பார்த்து என் மைத்துனர், “அப்படியானால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லையே” என்று நிம்மதிப்பட்டார். அது தவறான நிம்மதி. தோலில் உள்ள கொழுப்புகள் ஸ்ட்ரெப்டோலைசின் ஓவைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், சிரங்குக்குப் பின் ஏஎஸ்ஓ பெரும்பாலும் ஏறுவதில்லை. அங்கே உதவுவது ஆன்டி டிஎன்ஏஸ் பி என்ற சோதனை. எல்லா ஆய்வகங்களிலும் அது கிடைப்பதில்லை. எங்கள் ஆய்வகத்திலும் இல்லை. ஏஎஸ்ஓ தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் திசுப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. வீக்கம், பழுப்புச் சிறுநீர், இரத்த அழுத்தம், குறைந்த சி3, ஒத்துப்போகும் இடைவெளி ஆகியவை சேர்ந்தாலே மருத்துவர்கள் முடிவுக்கு வந்துவிடுவார்கள். குழந்தையும் ஒரு வாரம் பத்து நாளில் தேறிவிடும். எங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் கிரியாட்டினின் 2.9 ஆனது; ஒரு நாள் முழுவதும் 250 மில்லிலிட்டர்தான் சிறுநீர் வந்தது. இப்படி வேகமாக ஏறும்போது உள்ளே பிறைகள், அதாவது குளோமருலஸைச் சுற்றிப் பிறை வடிவில் குவியும் செல்கள், உண்டாகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். எட்டு வாரங்களுக்குப் பிறகும் சி3 ஏறாமல் இருப்பதும், புரதம் அதிகமாகக் கசிந்துகொண்டே இருப்பதும், சி4 சேர்ந்து குறைந்திருப்பதும் பயாப்ஸிக்கான மற்ற காரணங்கள்.

பயாப்ஸி என்றதும் என் மனைவி அழுதாள். சிறுநீரகத்தை வெட்டுகிறார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு பென்சில் ஈயத்தைக் காட்டி, இதே பருமனில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இரண்டு துண்டுகள்தான் எடுப்பார்கள் என்றும், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் குளோமருலஸ்கள் இருக்கின்றன என்றும், எடுப்பதில் இருபது சொச்சம்தான் போகும் என்றும் சொன்னது. முதலில் இரத்த அழுத்தத்தை மருந்தால் இறக்கினார்கள்; அழுத்தம் ஏறியிருக்கும்போது ஊசி போட்டால் இரத்தக்கசிவு எளிதில் நிற்காது. இரத்தம் உறையும் நேரமும் தட்டணுக்களும் பார்க்கப்பட்டன. குப்புறப் படுக்க வைத்து, மயக்கம் தந்து, ஸ்கேனில் பார்த்தபடியே இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் எடுத்தார்கள். குப்புறப் படுக்க வைத்து எடுக்கும் முறையைக் கார்க், முயர்கி என்ற இரு மருத்துவர்கள் 1954இல் வெளியிட்டதற்குப் பிறகே இது உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பு இந்த நோயின் திசு மாற்றங்களை இறந்தவர்களின் சிறுநீரகங்களில்தான் பெரும்பாலும் பார்க்க முடிந்தது. பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். வழக்கமாக, சிறுநீர் சிவக்கிறதா என்று அப்போது பார்ப்போம். இவனுக்கோ ஏற்கெனவே பழுப்பாக வந்துகொண்டிருந்ததால், ஒவ்வொரு முறை பிடித்ததையும் சிறு குப்பிகளில் வரிசையாக வைத்து, நிறம் கூடுகிறதா குறைகிறதா என்று செவிலியர் ஒப்பிட்டார். நல்ல யோசனை, வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் அதையே செய்தோம்.

துண்டு என் ஆய்வகத்துக்கே வந்தது. ஒரு பகுதி ஃபார்மலினில், ஒரு பகுதி உறையவைத்து ஒளிரும் சாயத்துக்காக, ஒரு சிறு நுனி குளுட்டரால்டிஹைடில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக. உடன் பணிபுரியும் பெண் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. வெள்ளிச் சாயம் மட்டும் நானே ஏற்றினேன். அதில் சூட்டையும் நேரத்தையும் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும், எங்கள் ஆய்வகத்தில் அது என் கைவாகு.

மருத்துவர் இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில் என்னை எதிரே உட்கார வைத்துக் காட்டினார். 21 குளோமருலஸ்கள். இயல்பான ஒன்றில் தந்துகி வளையங்கள் திறந்து, உள்ளே சிவப்பணுக்கள் ஓட இடமிருக்கும். சுற்றிலும், முடிச்சைத் தாங்கும் பௌமன் கிண்ணத்தின் வெற்றிடம் மெல்லிய வெள்ளை விளிம்பாகத் தெரியும். இவனுடையவை ஒவ்வொன்றும் உப்பி, கிண்ணத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வளையங்களுக்குள் உட்சுவர் செல்களும் தந்துகிகளைத் தாங்கும் மெசான்ஜியல் செல்களும் பெருகி, அவற்றுக்கிடையே மடல் மடலான உட்கருவுடன் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதில், இரத்தம் போக வழியே இல்லை. ஒரு முடிச்சில் மட்டுமல்ல, 21இலும் இதே நிலை; பரவலான பெருக்கம் என்று அறிக்கையில் எழுதுவது இதைத்தான். என் வெள்ளிச் சாயத்தில், தந்துகிச் சுவரின் அடித்தளமான அடிச்சவ்வு பிளவுபடாமல் ஒற்றைக் கோடாகவே இருந்தது. அது நல்ல சேதி. இரட்டைத் தண்டவாளம் போலப் பிரிந்திருந்தால் வேறு நாள்பட்ட நோயைத் தேட வேண்டியிருந்திருக்கும். மூன்று முடிச்சுகளில் கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டிச் செல்கள் பிறை வடிவில் அடுக்கியிருந்தன. தழும்பு எங்கும் இல்லை. நுண்குழாய்களும் பெரிய சேதமில்லாமல் இருந்தன.

அந்தக் கடைசிச் செய்தியை நான் அதுவரை சரியாகப் புரிந்துகொண்டதில்லை. வடிகட்டி அடைபட்டு, குழாய்கள் மட்டும் நன்றாக இருந்தால், வருகிற கொஞ்ச நீரிலிருந்தும் உப்பையும் தண்ணீரையும் அவை விடாமல் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இரத்த அழுத்தம் ஏறியதும், இளகிய திசுவுள்ள இமையில் முதலில் நீர் கோத்ததும் அதனால்தான். அந்தத் தகட்டைப் பார்த்த பிறகு, உப்பைக் குறைக்கச் சொன்னதை வெறும் பத்தியமாக நான் நினைக்கவில்லை.

ஒளிரும் சாயத்தில், இருண்ட பின்னணியில் சி3யும் ஐஜிஜி என்ற எதிர்பொருளும் பச்சைப் பொடியாக முடிச்சு முழுவதும் தெறித்திருந்தன. இந்த அமைப்புக்கு விண்மீன் வானம் என்றே பெயர். நோயின் முதல் வாரங்களில் காண்பது. சுவரோரமாகத் தடித்துத் தொடுத்தாற்போல் வந்தால் மாலை அமைப்பு என்பார்கள். புரதம் அதிகம் கசிவதும் தேறுவது தாமதமாவதும் அதில் கூடுதல். எலக்ட்ரான் நுண்ணோக்கி முடிவு வேறு ஊரிலிருந்து மூன்று வாரம் கழித்து வந்தது. அடிச்சவ்வுக்கு வெளிப்புறம் ஒட்டகத்தின் திமில்போல அங்கங்கே புடைத்த படிவுகள். இந்த நோயின் கையெழுத்து அது. அந்தத் தாள் கைக்கு வந்தபோது அவன் வீட்டில் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தான். அவை ஓரிரு மாதங்களில் கரைந்துவிடும், மெசான்ஜியல் செல்பெருக்கம் மட்டும் மாதக்கணக்கில் தங்கும் என்றார் மருத்துவர்.

சிகிச்சை என்று பார்த்தால், நோயை நேரடியாக அணைக்கும் மருந்து எதுவும் இல்லை. உப்பு நீரை இறக்க ஃபுரோசமைடு, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, மிச்சமிருக்கும் கிருமியை ஒழித்து மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்கப் பென்சிலின். 21இல் மூன்று பிறைகள் என்பதாலும், ஆறாம் நாள் சிறுநீர் தானாகவே பெருகி ஒரே நாளில் 900 மில்லிலிட்டர் வந்ததாலும், தயாராக வைத்திருந்த ஸ்டீராய்டைப் போடவில்லை. டயாலிசிஸ் பேச்சும் அத்தோடு நின்றது. பாதி முடிச்சுகளுக்கு மேல் பிறை இருந்திருந்தால் கதை வேறு.

மருத்துவமனையில் எனக்குப் பெரும்பாடாக இருந்தது உறவினர்களின் அன்புதான். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டதும் ஒருவர் இளநீரோடு வந்தார். இன்னொருவர் வாழைத்தண்டுச் சாறு. என் பெரியம்மா நெருஞ்சில் கஷாயம். நீர்க்கடுப்புக்கு இவை சரி. வடிகட்டி அடைபட்டுச் சிறுநீர் குறைந்த நிலையில், இளநீரிலும் வாழைத்தண்டிலும் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். அவனுக்கு அன்று பொட்டாசியம் 5.8. பெரியம்மாவிடம், “மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாதாம்” என்று அட்டையைக் காட்டிய பிறகுதான் கேட்டார். அந்த அளவு, முந்தைய நாள் போன சிறுநீரோடு ஏறக்குறைய 400 மில்லிலிட்டரைச் சேர்த்தது. கஞ்சி, பால், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு புட்டியில் அளந்து வைத்து, அவன் குடிக்கக் குடிக்க அதிலிருந்தே ஊற்றினோம். உப்பில்லாத இட்லிக்குச் சர்க்கரையும் நெய்யும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் சிப்ஸ் எதையும் வீட்டில் யாரும் அவன் எதிரில் தொடவில்லை. பத்து நாளைக்கு அவன் எங்களை மன்னிக்கவில்லை.

இன்னொன்று, தலைவலி. இரண்டாம் நாள் இரவில் தலை வலிக்கிறது, கண் மங்கலாக இருக்கிறது என்றான். வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். செவிலியர் முதலில் அழுத்தத்தைப் பார்த்தார்; 160/110. இந்த நோயில் தலைவலியும் வாந்தியும் மங்கலும் மூளைக்குள் அழுத்தம் பாய்வதன் அறிகுறியாகலாம், சிலருக்கு வலிப்பே முதல் அடையாளமாக வந்துவிடும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்கு இரத்தம் போவதையும் குறைக்கும். மூச்சு வாங்கினாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரலில் நீர் ஏறுகிறது என்று பொருள். வீட்டில் அழுத்தம் பார்க்கக் கருவி வாங்குபவர்கள் குழந்தையின் கைக்கேற்ற பட்டையையும் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டி ஏமாற்றும். எங்களுக்கு முதல் வாரம் அப்படித்தான் ஆயிற்று.

வீடு திரும்பிய அன்றே முதல் வேலையாக, அரிப்பையும் புண்ணையும் தொடங்கிவைத்த சொறிப்பூச்சியை ஒழித்தோம். பெர்மெத்ரின் களிம்பை, அரிப்பு இருந்தவர் இல்லாதவர் என்று பாராமல், என் அம்மா உட்பட ஐந்து பேரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை தடவிக்கொண்டு, காலையில் குளித்தோம். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. போர்வைகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டோம். அக்காவுக்கும் அதே இரவில் செய்யச் சொன்னேன், ஏனென்றால் ஒரு வீடு மட்டும் தடவினால் பூச்சி அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கும். வேப்பிலை மஞ்சளை நான் பழிக்கவில்லை. ஆனால் தோலுக்குள் வளை தோண்டிய பூச்சியை அது எட்டுவதில்லை. அக்காவின் பிள்ளைகளுக்கும் சிறுநீரும் அழுத்தமும் பார்த்தோம். இளையவனுக்கு நுண்ணோக்கியில் மட்டும் தெரியும்படி சிவப்பணுக்கள் இருந்தன. வேறு தொல்லை இல்லாமல் அதுவும் போயிற்று. நோய் வெளித் தெரியாமல் வந்து போகிற குழந்தைகள்தாம் அதிகம் என்பதை அதற்கு முன் நான் நம்பியதில்லை.

பள்ளிக்கு ஐந்தாம் வாரத்தில் அனுப்பினோம். முடக்குவாதக் காய்ச்சலைப் போல ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இந்தச் சிறுநீரக அழற்சி மீண்டும் வருவது அரிது. எட்டாவது வாரத்தில் சி3 112. அந்தத் தாள்தான் எனக்கு மற்ற எல்லாத் தாள்களையும்விட முக்கியமாக இருந்தது; அது ஏறாமல் இருந்திருந்தால், முதலில் பார்த்ததே வேறு நோயின் தொடக்கமோ என்று மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும். பழுப்பு நிறம் மூன்றாம் வாரத்தில் போயிற்று. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிவப்பணுக்கள் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்; ஆகவே ஒவ்வொரு மாதமும் நான்கைந்து அணுக்கள் என்று அறிக்கை வந்தபோது பதற்றப்படவில்லை. பதறியது புரதத்துக்காக மட்டும். அது நான்காம் மாதத்தில் நின்றது.

ஒரு சனிக்கிழமை அவனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் அவனுடைய தகட்டையே காட்டினேன். இளஞ்சிவப்பு நிறத்தில் பூ மாதிரி இருக்கிறது என்றான், பிறகு, “இது இன்னும் வீங்கியே இருக்குமாப்பா?” என்று கேட்டான். தகட்டில் இருப்பது அன்றைக்கு உள்ளபடி நின்றுவிட்டது, உன் வயிற்றுக்குள் இருப்பவை மாறிவிட்டன என்று சொன்னேன். அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டான்.

பதினோராம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் சிறுநீர் முழுமையாகத் தெளிந்திருந்தது. இனி ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தால் போதுமாம். அடுத்த முறை வரும் தை மாதத்தில்.